ஷஹீர் பத்ரான் பாடிய கல்யாணம்

உடைந்த பானை ஒன்றின் முன்னால் ஹில்மி இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். அந்தப் பானையில் விசேஷம் ஒன்றுமில்லை. அதைப்போல் இன்னும் நூறு பானைகள் அந்த அருங்காட்சியகத்தில் இருந்தன; அவற்றில் பல உடையாமலும் இருந்தன.

"அபூ ஹாத்திம்," என்று மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவரை அழைத்தாள் மனைவி தவ்லத். "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல என் முகத்தையே நீங்க இவ்வளவு நேரம் பாத்ததில்ல."

"இது நாலாயிரம் வருஷத்துப் பானை, தவ்லத்."

"அப்ப நாலு மணிக்கு மேலயும் இங்கதான் இருக்கும். ஷஹீர் பத்ரான் இருக்க மாட்டார்."

அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஹில்மி காலையில் தன்தாவிலிருந்து கெய்ரோவுக்கு ரயிலேறியிருந்தார். நஸ்ர் சிட்டியில் ஒரு பெரிய அரங்கத்தில் சினிமா நட்சத்திரங்கள் மேசை போட்டு உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள், மாலை நாலு மணிவரை. விளம்பரத்தைப் பார்த்த அன்றே தவ்லத் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, சட்டத்தோடு துண்டில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாள். கெய்ரோவரை போய்விட்டு அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வருவதா என்று ஹில்மி கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது. அதன்பிறகு அவருக்கு அந்த நினைப்பே வந்ததில்லை. ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தாவுக்குத் திடீரென்று வந்த இந்தச் சரித்திர ஆசையைப் பார்த்து தவ்லத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விஷயம் அந்தப் போட்டோவில் இருந்தது. பந்தலில் மணமக்கள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒல்லியான ஓர் இளைஞன் மைக்கைப் பிடித்துப் பாடுகிறான். முகத்தில் பாதியை மைக் மறைத்திருந்தது. மீதிப் பாதியைப் போட்டோக்காரரின் கை நடுக்கம் பார்த்துக்கொண்டது.

கல்யாணமான ஒன்பதாவது வருஷம் ஹில்மி கல்யாண நாளை மறந்துவிட்டார். மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் இரவு தொலைக்காட்சியில், அப்போதுதான் நடிகராகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த ஷஹீர் பத்ரான், கஷ்டகாலத்தில் தான் ஊர் ஊராகப் போய்க் கல்யாணங்களில் பாடியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தவ்லத் தன் கோபத்தை மறந்து, நம் கல்யாணத்தில் பாடிய பையனும் இப்படித்தான் இருந்தான் இல்லையா என்று கேட்டுவிட்டாள். ஹில்மி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அவரேதான். உனக்காகத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். சொல்லிக்காட்ட வேண்டாம்னு சும்மா இருந்தேன்." அன்றிரவு வீட்டில் வாத்துக்கறி.

இதைப் பொய் என்று சொன்னால் ஹில்மிக்குக் கோபம் வரும். ஒரு சமாளிப்பு, அவ்வளவுதான். பாடியவன் மஹல்லா பஸ் நிலையத்தில் பஞ்சர் ஒட்டுபவரின் தம்பி.

ஒரு வாத்துக்கறியோடு முடிந்திருக்க வேண்டிய சமாளிப்பு இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளெல்லாம் தேநீருக்கு முன்னால் அந்தப் போட்டோவைப் பார்த்தார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். போன மாதம் மாடிவீட்டு ஃபவ்கியா, படிக்கட்டில் பத்துப் பேர் நிற்கும்போது, "உங்க கல்யாணத்துல ஷஹீர் பத்ரான் பாடினாரா? எங்க கல்யாணத்துல கிளியோபாட்ராவே வந்து ஆடினா," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். தவ்லத் உள்ளே வந்து, முக்காட்டைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் எழுந்து, அந்தப் போட்டோவில் ஷஹீர் பத்ரான் கையாலேயே கையெழுத்து வாங்கி ஃபவ்கியாவின் மூக்குக்கு நேராக நீட்டப் போவதாகச் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிட ஹில்மி மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் அவள் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பத்திரமாகத் துடைப்பவளிடம் என்னவென்று சொல்வது? ஆகவேதான் பானை.

தவ்லத் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததும், ஹில்மி பானையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். அரசர் ஒருவர் தம் ராணிக்கென்று தேன் சேர்த்து வைத்த பானை இது. ராணிக்குத் தேன் பிடிக்காது என்பது அரசருக்குத் தெரியாது. தெரிந்த அன்று உடைந்தது. எல்லாம் அந்த நிமிஷத்துச் சரக்கு. அஸ்யூத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கூட்டம் ஒன்று சுற்றி நின்று கேட்டது. அடுத்த பானையைப் பற்றியும் சொல்லுங்கள் என்றார்கள். ஹில்மி சந்தோஷமாக அடுத்த பானைக்குப் போனார். இப்படியே சாயங்காலம்வரை ஓட்டிவிடலாம் என்று அவர் நினைத்தபோது காவலர் வந்து, உரிமம் உள்ள வழிகாட்டிகள் மட்டும்தான் இங்கே விளக்கம் சொல்லலாம் என்று கூறி, மிகுந்த மரியாதையோடு இருவரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இன்னும் மதியத் தொழுகைக்கே நேரமாகவில்லை.

ஹில்மி பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதார். கடைசியாக எழுந்தவர் அவர்தான். பிறகு ஒரு கடையில் உட்கார்ந்து சோறும் பருப்பும் கலந்த குஷரி சாப்பிட்டார், பருப்பை ஒவ்வொன்றாக. தவ்லத் அவருடைய தட்டையும் வாங்கி, தானே சாப்பிட்டு முடித்து, எழுந்து நின்றாள்.

மெட்ரோவில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றாள். அவளுடைய முழங்காலை உத்தேசித்து ஹில்மி டாக்சிதான் என்று பிடிவாதம் பிடித்தார். கெய்ரோவின் மேம்பாலத்தில் ஏறிய வண்டி இறங்குவதற்குள் பிள்ளை பெற்றவர்கள் உண்டு என்று தன்தாவில் பேசிக்கொள்வார்கள். அன்று வெள்ளிக்கிழமை என்பது ஹில்மிக்கு நினைவிருந்தது. வெள்ளிக்கிழமையில் பாலம் காலியாகக் கிடக்கும் என்பதுதான் நினைவில் இல்லை. போதாததற்குத் தவ்லத் டிரைவரிடம் போட்டோ கதையைச் சொல்லிவிட்டாள். டிரைவர் தானும் ஷஹீர் பத்ரானுக்காக உயிரை விடுபவன் என்று சொல்லி, மற்ற மூவர் உயிரையும் சேர்த்து விடப் பார்த்தான். பதினாறு நிமிஷத்தில் நஸ்ர் சிட்டி.

மூவரா என்று கேட்கக் கூடாது. ஹில்மி அப்போது தனக்கு இரண்டு உயிராவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அவர் பையை இருக்கைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டார். போட்டோ இல்லாவிட்டால் கையெழுத்து எதில்? வண்டி வளைவில் திரும்பி மறைந்தபோது அவருக்குக் காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு வந்தது. அரங்கத்தின் வாசலில் அனுமதிச் சீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஹாஜி, நில்லுங்க. கல்யாணப் போட்டோவையே மறந்துட்டுப் போறீங்களே." டிரைவர் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பைத் தவறவிட்டிருந்தான். பையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான். ஹில்மி அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. தவ்லத் அவனுடைய குழந்தைகளுக்கெல்லாம் துஆ செய்தாள்.

உள்ளே வரிசையைப் பார்த்ததும் ஹில்மிக்குத் தெம்பு வந்தது. இருநூறு பேராவது இருப்பார்கள். மணி இரண்டேகால். கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு மணிக்குள் பாதி வரிசைகூட நகராது. அப்படியானால் நடிகரின் மீதுதான் குற்றம். தவ்லத் அவரைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்புவாள். போட்டோ பழைய ஆணியில் தொங்கும்.

நிம்மதி வந்ததும் சுற்றிலும் பார்க்கத் தோன்றியது. அரங்கத்தில் குளிர்சாதனம் பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு ஓடியது. ஆனாலும் முன்னால் நின்ற தடித்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவியின் கையில் பழைய ஆல்பம் ஒன்று இருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவர் ஹில்மியிடம் மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் தள்ளி, வெள்ளைமீசைக்காரர் ஒருவர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வியர்த்திருந்தது. கெய்ரோவில் ஏதோ காய்ச்சல் பரவுகிறது போலும் என்று ஹில்மி எண்ணிக்கொண்டார்.

மூன்றரைக்கு ஒலிபெருக்கி பேசியது. உஸ்தாத் ஷஹீர் பத்ரான் கடைசி ரசிகருக்குக் கையெழுத்துப் போடாமல் எழுந்திருக்க மாட்டார். கூட்டம் கைதட்டியது. தடித்த மனிதர் மட்டும் "யா அல்லாஹ்" என்று முனகியது ஹில்மிக்குக் கேட்டது.

இனி ஒரே வழிதான் பாக்கி. ஹில்மி நெஞ்சில் கை வைத்தார், கண்ணைச் செருகினார், யார் மீதும் விழாதபடி ஒரு இடம் பார்த்து மெதுவாகச் சரிந்தார்.

ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கிருந்து நேராக ரயில் நிலையம் என்பது அவருடைய திட்டம். வந்தது டாக்டரும் சக்கர நாற்காலியும். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, ஏதோ படபடப்பு, பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். தவ்லத் அழுதுகொண்டே கூட்டத்திடம் சொன்னாள், "அவரைப் பாக்கணும்னு இவருக்கு அவ்வளவு ஆசை. காலையிலேருந்தே தவிச்சுக்கிட்டு இருக்கார். சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

இருநூறு பேரும் இளகிவிட்டார்கள். பாவம், அவரை முதலில் விடுங்கள் என்றார்கள். தடித்த மனிதர் ஒருபடி மேலே போய், "என்னோட இடத்தையும் அவருக்கே குடுத்துடுங்க. நாங்க அடுத்த வருஷம் வர்றோம்," என்றார். அவருடைய மனைவி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

நாற்காலி வரிசையைத் தாண்டி உருண்டது. தவ்லத் கூடவே நடந்து, அவருடைய காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையும் மறுபடி சரிசெய்தாள். புதுப்பெண்ணாக வந்த அன்று பார்த்த பரபரப்பு. இவளை இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்கப் போகிறோமே என்று நினைத்தபோது ஹில்மிக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அந்த நடிகர் வாயால் கேட்பதைவிடத் தன் வாயால் கேட்கட்டும் என்று முடிவு செய்தார்.

"தவ்லத், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பேசாதீங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

"இல்ல, அந்தப் பஞ்சர் கடைக்காரர்..."

"எந்தப் பஞ்சர்? பாவம், பிதற்றுறார்," என்று நாற்காலி தள்ளுபவரிடம் சொல்லி, இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

ஷஹீர் பத்ரான் தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். நரைத்த சுருட்டை முடி, களைத்த கண்கள். பக்கத்தில் வழுக்கைத்தலை உதவியாளர் ஒருவர் சிறிய நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். தவ்லத் துண்டை விரித்து, போட்டோவைச் சட்டத்திலிருந்து எடுத்து மேசைமீது வைத்தாள். பேச வேண்டியதை ஒரு மாதமாகப் பாடம் செய்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோய், "நாங்கதான்," என்று மட்டும் சொன்னாள். உதவியாளர் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

நடிகர் போட்டோவைப் பார்த்தார். திருப்பி, பின்னால் எழுதியிருந்த ஊரையும் தேதியையும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹில்மியின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். ஹில்மி கண்ணை மூடிக்கொண்டார்.

"வியாழக்கிழமைதானே?" என்றது அந்தப் பிரசித்தி பெற்ற குரல்.

தவ்லத் ஆமாம் என்றாள்.

"பொண்ணு வீட்டு மாமா ஒருத்தர் பேண்டுக்காரங்களோட சண்டைக்குப் போனாரே."

"எங்க ஃபத்ஹி மாமா," என்றாள் தவ்லத். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. "அவரைக்கூட ஞாபகம் வெச்சிருக்கீங்களா?"

"எப்படிம்மா மறக்கும்? புறாக்கறி சாப்பிட்டுட்டுத்தான் பாடினேன். எனக்கு முதல்ல வெச்சுட்டு அப்புறம்தான் மத்தவங்களுக்கு வெச்சாங்க. மாப்பிள்ளைக்கு அன்னைக்கு என்னமா வேர்த்துச்சு." பேனாவை எடுத்து, ஹில்மியைப் பார்த்துப் புன்னகைத்தார். "இன்னும் அப்படியேதான் இருக்கார்."

'என் குரலை முதலில் நம்பிய தன்தா மணமகளுக்கு' என்று போட்டோவின் ஓரத்தில் எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். தவ்லத் அதை இரண்டு கையாலும் வாங்கி, மை காயும்வரை ஊதினாள். அவளுடைய முகத்தை ஹில்மி இந்த மாதிரி பார்த்ததில்லை. பானையை அல்ல, இதைத்தான் இருபது நிமிஷம் பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அதோடு பெரிய குழப்பமும் வந்தது. ஃபத்ஹி மாமா சண்டை போட்டது வாஸ்தவம். புறாக்கறியும் வாஸ்தவம். ஒருவேளை அன்று பாடியது இவரேதானோ? பஞ்சர்காரரின் தம்பியை அவர் போன வாரம்கூட பஸ் நிலையத்தில் பார்த்துப் பேசியிருந்தார். ஆனாலும் இப்போது அவருக்குத் தன் மீதே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாகத் தான் உண்மையைத்தான் சொல்லி வந்தோமோ என்று நினைக்கையில் தலை சுற்றியது. இந்தத் தடவை நடிப்பில்லை.

தவ்லத் முன்னால் நடந்தாள். வழியில் நின்ற எல்லோருக்கும், கேட்காதவர்களுக்கும், போட்டோவைக் காட்டிக்கொண்டே போனாள். நாற்காலியைத் தள்ள வழுக்கைத்தலை உதவியாளரே எழுந்து வந்தார். கொஞ்சதூரம் போனதும் ஹில்மி பொறுக்க முடியாமல் தலையைத் திருப்பி, உஸ்தாத்துக்கு நிஜமாகவே அவ்வளவு ஞாபகசக்தியா என்று மெல்லக் கேட்டார்.

உதவியாளர் தவ்லத் காதில் விழாத தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, குனிந்து சொன்னார்: "பயப்படாதீங்க ஹாஜி, வியாழக்கிழமையும் புறாக்கறியும் சண்டைக்குப் போற மாமாவும் இல்லாத கல்யாணம் நம்ம நாட்டுல ஏது? காலையிலேருந்து அவர் பாடின கல்யாணம் இதோட பதினாலு, அதுல நாலு, உங்க கல்யாணம் நடந்த அதே ராத்திரி."