சம்பந்தி வீட்டில் கடைசிச் சுற்று

எனக்குப் பயம் வந்தால் முதலில் ஒரு பொய் சொல்வேன். பிறகு அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக உட்கார்ந்து படிப்பேன். பொய்யால் எனக்கு இதுவரை பெரிய சேதம் வந்ததில்லை. படித்ததால்தான் வந்தது.

தூத்துக்குடியில் கப்பல்களுக்குக் காய்கறியும் கயிறும் சப்ளை செய்கிற கடை என்னுடையது. என் மகள் அபிநயா, கூட வேலை பார்த்த விக்னேஷைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையனின் அப்பா தர்மராஜ், ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன். அவர் சம்மதிக்காமல் தாலி கட்ட மாட்டேன் என்று விக்னேஷ் சொல்லியிருந்தான். (அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. என் மகளுக்குத்தான் அன்று ஒரு நாள் பிடிக்காமல் போனது.)

கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மீசை முதல் செருப்பு வரை விறைப்பு. பேச எதுவும் அகப்படாமல், "பொழுது எப்படிங்க போகுது?" என்று கேட்டேன்.

"கோல்ஃப் பாப்பேன்."

"நானும் அதேதாங்க" என்றேன்.

காபித் தட்டோடு வந்த என் மனைவி செல்வி அப்படியே நின்றாள். கிரிக்கெட்டிலேயே விளம்பரத்தை மட்டும் கவனித்துப் பார்க்கிறவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

கேப்டனின் விறைப்பு போய்விட்டது. "அப்படியா அண்ணாச்சி? இந்த ஊர்ல நாங்க மூணு பேருதான்னுல்லா நெனச்சிருந்தேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. மேஜர் போட்டி, கடைசி ரவுண்டு. பாத்துட்டு அப்படியே கல்யாணப் பேச்சையும் முடிச்சிருவோம்."

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து கோல்ஃப் மைதானம் கிடையாது. சுற்றிலும் உப்பளம். வெள்ளைப் பந்தை ஓங்கி அடித்தால் வெள்ளை உப்புக் குவியலில் போய் விழும். அதோடு ஆட்டம் முடிந்தது. இந்த நிலையில் எனக்கு இருந்தது மூன்று நாள். மேஜர் என்றால் வருடத்துக்கு நாலே நாலு வரும் பெரிய போட்டி என்று படித்தேன். பதினெட்டுக் குழிகள், குறைவாக அடிப்பவன் ஜெயிப்பான் என்று படித்தேன். திங்கள் விடிந்ததும், ராத்திரியோடு முடிந்திருந்த அந்தக் கடைசிச் சுற்றின் சுருக்கத்தையே செல்போனில் போட்டு, குளிக்கும் முன் நாலு தடவை, குளித்தபின் இரண்டு தடவை பார்த்தேன். எந்தக் குழியில் யார் தண்ணீருக்குள் அடித்தான் என்பதுவரை மனப்பாடம். ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு, முதல் ரேங்க் எடுக்கப் போகிறவனைப் போல் போய் இறங்கினேன்.

வாசலில் கேப்டனின் மனைவி எவர்சில்வர் வாளியோடு நின்றார்.

"அண்ணாச்சி, போனை இதுல போடுங்க. ரிசல்ட் ஒண்ணும் தெரியாதுல்லா?"

எனக்குப் புரியவில்லை. கேப்டன் விளக்கினார். ஆட்டம் நடப்பது அமெரிக்காவில். நமக்கு அது ராத்திரி முழுக்க. டாக்டர் கேப்டனைக் கண் விழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே பதிவு செய்துவைத்துக் காலையில் பார்ப்பார்கள். அதுவரை பேப்பர் கிடையாது, போன் கிடையாது, பக்கத்து வீட்டோடு பேச்சும் கிடையாது.

"ரிசல்ட் தெரிஞ்சவன் இந்த வாசப்படி தாண்டப்படாது. பதினொரு வருசமா இதான் சட்டம்" என்றார்.

நேர்மையான மனிதன் அங்கேயே மக்ரூனைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

"எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லி உள்ளே போனேன்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். பல் டாக்டர் சாமுவேல், உப்பள முதலாளி கணேசன். ஆளுக்கு ஒரு ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்து ஆதரிக்க வேண்டும் என்பது வழக்கமாம். ஜெயித்த நீலத்தொப்பிக்காரனை எடுத்தால் சந்தேகம் வரும் என்று, பதினாறாவதாக வந்த தாடிக்காரனை எடுத்தேன்.

"அவனயா?" என்றார் கணேசன். "அவன் பந்தைக் கீழ வச்சிட்டு யோசிக்க ஆரம்பிச்சா நாம சாப்பிட்டுட்டு வந்திரலாமே."

"எனக்கு அவன் மேல ஒரு நம்பிக்கை" என்றேன்.

இதுவரை சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது என் வாய். பன்னிரண்டாவது குழியில் தாடிக்காரன் மட்டையை ஓங்கினான். பந்து இன்னும் தரையில்தான் இருந்தது. நான் "ச்சு" கொட்டிவிட்டேன். பிறகு பந்து பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோள்பட்டை சரியில்ல" என்றேன். (அந்தத் தோள்பட்டை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"பாத்தியளா, பாத்தியளா" என்றார் டாக்டர். "ஆள் நிக்கிறதப் பாத்தே சொல்லுதாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிவியைப் பார்த்தார்கள். நான்கு குழிகளில் நான் சொன்னது அப்படியே நடந்தது. கேப்டன் தன் கையால் என் தட்டில் இரண்டாவது வடையை வைத்து, "சம்பந்தி, எடுத்துக்கிடுங்க" என்றார். சம்பந்தி. என் மகளின் கல்யாணம் அந்த வடையோடு முடிவானதாகவே நினைத்தேன்.

பதினெட்டாவது குழி. நீலத்தொப்பிக்காரன் இந்த ஒரு பந்தை உருட்டிக் குழியில் போட்டால் கோப்பை. விட்டால் இன்னொருவனோடு மறுபடி மோத வேண்டும். அவன் குனிந்தான். மட்டையை வைத்தான். கரண்ட் போய்விட்டது.

அனல் மின்நிலையம் இருக்கிற ஊரில் கரண்ட் போகாது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடியது. டிவிக்கு அந்த இணைப்பு இல்லை. கணேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். டாக்டர் எழுந்து நடந்தார். கடலில் முப்பது வருடம் புயல் பார்த்த கேப்டன், அணைந்த டிவியைப் பார்த்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. அடிப்படையில் எனக்கு இளகிய மனசு.

"ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றேன். "போட்டுருவான். போட்டுட்டு மட்டையத் தூக்கி எறிஞ்சிட்டு அழுவான். மஞ்சள் கவுன் போட்ட சின்னப் பிள்ள ஒண்ணு ஓடிவந்து அவன் காலக் கட்டிக்கிடும்."

தோள்பட்டையைப் பார்த்துப் பந்து எங்கே போகும் என்று சொல்லலாம். கவுனின் நிறத்தைச் சொல்ல முடியாது.

கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. நீலத்தொப்பி பந்தைப் போட்டான், மட்டையை எறிந்தான், அழுதான். குழந்தை ஓடிவந்தது. மஞ்சள்தான். அறையில் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை.

கேப்டன் டிவியை அணைத்தார். "அண்ணாச்சி" என்றார். சம்பந்தி போய்விட்டது. "கோல்ஃப்ல தப்புப் பண்ணவனே கையத் தூக்கிச் சொல்லணும். சொன்னா பெனால்ட்டியோட போயிரும். மறைச்சா, ஆட்டத்த விட்டே வெளிய."

"மறைச்சாருல்லா" என்றார் கணேசன். "வாசல்ல கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொன்னாரு."

"ஆனா கடைசில யாரும் கேக்கலயே" என்றார் டாக்டர். "அவராத்தான சொன்னாரு. அது கையத் தூக்கின கணக்கு."

"வாய் தவறிச் சொல்றதும் கையத் தூக்குறதும் ஒண்ணா ஓய்?"

என் மகளின் வாழ்க்கையை வைத்து இருவரும் இருபது நிமிடம் சட்டம் பேசினார்கள். நான் வலது கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லேட்டானாலும் சேரட்டும் என்று.

கேப்டன் கடைசியில் அந்தக் கையைப் பார்த்தார். "இறக்குங்க. ரெண்டு பெனால்ட்டி. அடுத்த மேஜருக்கு நீங்க வரப்படாது. கல்யாணத் தேதிய நான்தான் வைப்பேன்."

மேஜர் எதுவும் இல்லாத தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அடுத்த வருடம் அபிநயாவுக்குப் பிரசவம். நர்ஸ் வெளியே வந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள். கேப்டன் அப்போதுதான் காரை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, செல்வியின் கை அதன் மேல் இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி. நானே உள்ள போய்ப் பாத்துக்கிடுதேன்" என்றார் கேப்டன். இரண்டடி நடந்தவர் திரும்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"பேத்தியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பேத்திக்கு இப்போது ஐந்து வயது. கண்ணாமூச்சியில் கேப்டன் தேடுகிற முறை வந்தால், அவள் ஒளிவதற்கு முன் என்னைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிடுகிறாள். சம்பந்தி என் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்.