டாம்சின் கட்டிய காரும் என் முட்டியும்

மேட்லாக்,
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்புள்ள தங்கை மேவிஸுக்கு அண்ணன் ரோலண்ட் எழுதிக்கொண்டது. நானும் மகள் டாம்சினும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை நார்மனும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் கைகால் விறைக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மருமகள் கட்டிய கார் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்துகொண்டு படி.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பாகங்களை வைத்து என் கராஜில் அவள் அந்தக் காரைக் கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஆர்க்னி தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள், அதுவும் இந்தக் காரில்தான் போவேன் என்கிறாள், காற்று ஆட்டையே தூக்கிக்கொண்டு போகிற ஊருக்கு, கூரை இல்லாத, கதவு இல்லாத, முன்கண்ணாடிகூட இல்லாத வண்டியில்! உன் அண்ணி முரியல் காலமான பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். உன்னிடம் மறைப்பானேன், வீட்டில் கட்டிய காருக்கு நடத்தும் அரசாங்கச் சோதனையில் அது ஃபெயிலாக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அதில் தேறாமல் பதிவு கிடையாது, பதிவாகாமல் நம்பர் கிடையாது, அப்புறம் ஆர்க்னி எங்கே?

சோதனைக்குக் கொண்டுபோக மட்டும் பதிவில்லாமல் ரோட்டில் ஓட்டலாமாம். காலையிலேயே கிளம்பினோம். நீச்சல் கண்ணாடியை மாட்டி, என் பழைய பஸ் டிரைவர் மழைக்கோட்டைப் போட்டு, சீட்டின் மேல் ஏறி நின்று, அப்படியே கீழே வழுக்கித்தான் அதில் உட்கார முடியும், உட்கார்ந்தால் லாரிச் சக்கரமெல்லாம் என் காதுக்கு நேராகச் சுழல்கிறது, ரவுண்டானாவில் ஒரு லாரிக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன பெருசு, குளிக்கிற தொட்டியோடயே கிளம்பிட்டியா?" என்கிறான், பதில் சொல்ல வாயைத் திறந்தால் மழை உள்ளே போகிறது, இவளோ, "அப்பா, ஆடாம உட்காருங்க, கியர் போட முடியல" என்கிறாள்.

சோதனை அதிகாரியின் பெயர் பிக்கர்ஸ்டாஃப். கையில் மனிதத் தலை அளவுக்கு ஒரு பந்து. விபத்தில் தலையும் முட்டியும் எங்கெங்கே இடிக்கும் என்று பார்க்க, அதை டேஷ்போர்டு முழுக்க உருட்டுவாராம். பந்து படுகிற இடத்தில் கூர்மையாக எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் சரி, விளக்கு சரி, ஹாரன் சரி என்று சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் ஓட்டிப் பார்த்தார். திருப்பிய ஸ்டியரிங்கை விட்டால் அது தானாக நேருக்கு வர மறுத்தது. கடைசியில் பந்தை உருட்ட, என் சீட்டுக்கு எதிரே அது ஒரு போல்ட்டில் டிங்கென்று தட்டியது.

"கூர்மையா இருக்கும்மா. ஃபெயில்."

டாம்சின் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். நான் வேண்டியது கிடைத்துவிட்டது, மேவிஸ். வாயை மூடிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவன் என்ன செய்தேன் தெரியுமா? நேரே அந்த மனுஷனிடம் போய், "என்ன சார் ஃபெயிலு? இவ்ளோ தூரம் என் முட்டி அதுக்கு எதிர்லதான் இருந்துச்சு, ஒரு கீறல் இருக்கா பாருங்க!" என்று பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினேன்.

அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். "இருக்கே சார்," என்றார்.

இருந்தது.

"அது பூனை பிறாண்டினது!"

"அப்பா," என்றாள் டாம்சின், "நம்ம வீட்ல பூனையே கிடையாது. வண்டியில ஏறுங்க."

மறுநாள் காலையில் நானாகவே கராஜுக்குப் போய், "டார்ச் பிடிக்க ஆள் வேணுமா?" என்று கேட்டேன். பிடித்தேன். ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும்படி சக்கரங்களின் சாய்வைத் திருத்தினாள், போல்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டாள், என் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னாள். மறுசோதனையில் பிக்கர்ஸ்டாஃப் பந்தை உருட்டினார், ஓட்டினார், சான்றிதழை நீட்டினார். "முட்டி ஆறிடுச்சா சார்?" என்று வேறு கேட்டார்.

நேற்று நம்பர் வந்துவிட்டது. பலகையை நான்தான் திருகி மாட்டினேன். சனிக்கிழமை கிளம்புகிறாள். போகட்டும், அவளுக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமா? ஆனால் ஒன்று, என் ஆயுசில் இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன். கோடைக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். அவள் அறை காலியாகத்தான் இருக்கும், எனக்கும் போக வேறு இடமில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். நார்மனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
ரோலண்ட்

பி.கு.: கோடைக்கு வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். கவரை ஒட்டப்போன நேரத்தில் டாம்சின் வந்து, "இடப்பக்க சீட்ல உங்க எடை இல்லாட்டி வண்டி ஒரு பக்கமா இழுக்குதுப்பா. ஆர்க்னி வரைக்கும் நீங்க வந்துதான் ஆகணும். அங்க குடுக்குற வீட்ல ரெண்டு ரூமு," என்றாள். வண்டியில் பெட்டி வைக்க இடமில்லை, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு அவள் சொன்னது பொய் என்று தெரியாதா? "அப்படியாம்மா, அப்ப வேற வழியில்லையே," என்றேன்.