வாசல் வளைவில் ஏறிய சிங்கங்கள்

மேலகரம்,
யுவ வருஷம் ஐப்பசி மாதம்

மகாராஜராஜஸ்ரீ வடகரை நல்லகண்ணு அத்தான் அவர்கள் சமுகத்திற்கு, மைத்துனன் செல்லப்பா அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் மழை, பயிர், மாடு கன்று யாவும் சுகம். அண்ணன் சுந்தரபாண்டியின் புத்தி ஒன்றுதான் சுகமில்லை.

எங்கள் வாசலில் சுடலைமாடன் குடியேறிவிட்டதாகவும், அப்படிப்பட்ட வீட்டுக்குத் தன் மகள் முத்துவடிவை மருமகளாக அனுப்ப முடியாது என்றும் அக்காள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தை மாதம் என் மகனுக்கு நடக்கவேண்டிய கல்யாணம் இது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குற்றம் முழுவதும் அண்ணனுடையது.

சாரல் சமயத்தில் குற்றாலத்தில் வந்து தங்கிய ஒரு துரை, அண்ணனுக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்துத் தொலைத்தான். கோப்பையில் இரண்டு மிருகங்கள் ஒரு கேடயத்தைத் தாங்கி நின்றனவாம். அது துரையின் குலச்சின்னம், பாட்டன் பூட்டன் வீரத்துக்கு அடையாளம் என்று கேட்டது முதல் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கும் ஒன்று வேண்டும், அதுவும் வாசல் வளைவின் மேல் ஊரே பார்க்க வேண்டும் என்றார். கேடயத்தில் நெற்கதிர் நம் நிலத்துக்காம். மூன்று கோடு ஐந்தருவிக்காம், இடம் போதவில்லையாம். இரண்டு பக்கமும் சிங்கம் பராக்கிரமத்துக்காம். நடுவில் நிஜ இரும்பில், சுடலைமாடன் கையில் ஈட்டி இருக்குமே, அந்த வல்லயம். அது நம் தாத்தாவின் வீரத்துக்காம். தாத்தா தூக்கிய ஆயுதம் மாடு பத்துகிற கம்பு ஒன்றுதான், அதற்கும் எந்த மாடும் பயந்ததில்லை.

வேலைக்குப் பிடித்தாரே ஆளை! தென்காசிப் பக்கத்துச் சுடலைமாடன் சிலைகளுக்கெல்லாம் சுதை வேலை செய்கிற பலவேசம் கொத்தனாரை. அவர் சிங்கத்தை எங்கே கண்டார்? கைக்குப் பழகிய முகத்தையே வைத்துவிட்டார். இரண்டு சிங்கத்துக்கும் உருட்டுவிழி, முறுக்கு மீசை, வெளியே நீட்டிய பல். வேலை முடிந்த அன்று சாரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

“கண்ணு தொறக்காம விட்டா செஞ்ச கைக்கு ஆவாது, அண்ணாச்சி. ஒரு சேவல் குடுங்க.”

இதுவும் துரை வீட்டு மரியாதையில் சேர்த்தி என்று நினைத்து அண்ணனும் கொடுத்தார். சேவல் ரத்தம் விழுந்து, கண்ணும் திறந்து, பக்கத்தில் வல்லயமும் நின்றால் நம் ஊர்க்காரன் அதைக் குலச்சின்னம் என்றா சொல்லுவான்? மறுநாளே சுருட்டும் சாராயமும் படையல். போகிறவன் வருகிறவனெல்லாம் செருப்பைக் கழற்றுகிறான். தன் வாசலில் தானே செருப்போடு நுழைந்த அண்ணனைக் கீரை விற்கிற உச்சிமாகாளி வைத வசவைக் காகிதம் தாங்காது. இது எங்கள் குடும்பச் சின்னம் என்று அண்ணன் விளக்கம் சொல்ல, அவள் கேட்டாள்: “ஒம்ம குடும்பத்துக்கு யாரு கோழி அறுத்தாவ?”

நிற்க. நாளைக் காலை நானே கடப்பாரையோடு ஏறி, அந்தக் கண்ராவியைப் பெயர்த்துக் குப்பையில் போடுகிறேன். நாலெழுத்துப் படித்தவன் இருக்கிற வீட்டில் சாமியாவது, ஆட்டமாவது. அக்காளுக்கு இதைச் சொல்லித் தேற்றவும். அவளுக்கு என் நமஸ்காரம், முத்துவடிவுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வீட்டில் புத்தி தெளிந்த ஒரே ஆள்,
செல்லப்பா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் கடப்பாரையோடு ஏறினேன். ஏறியது நினைவிருக்கிறது. அப்புறம் ஒன்றும் தெரியாது. வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினேனாம். “முத்துவடிவு எம் பிள்ளலே, தையில அவ இந்த வாசல்லதான் நொழையணும்” என்று என் வாயால் வாக்கு வந்ததாம். ஊரே சாட்சி. அண்ணன் என் காலில் விழுந்து திருநீறு வாங்கினார். அக்காள் என் பேச்சைத் தட்டலாம், சாமி வாக்கைத் தட்ட முடியாதே. வரும்போது கடா ஒன்று பிடித்துவரவும். கறுப்பாக இருக்கட்டும், எனக்கு வெள்ளை ஆகாது.