ஸ்ரெல்லாவின் லத்தீன் பாடத்தை நிறுத்தவேண்டாம்

சண்டிலிப்பாய்,
1993 ஆவணி.

என் அன்பு மகன் கனிசியசுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

முதலில் என் எழுத்தை மன்னித்துக்கொள். வரிகள் எல்லாம் காற்றுப் பிடித்த பாய் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போகும். 'ஞ' எழுதும்போது மூச்சுவிட மறந்துபோகிறேன். எழுபது வயதுவரை கயிறு இழுத்த கை இது. கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்த பிறகு, சும்மா இருந்த கைக்கு பெர்னடெட் சிஸ்டர் பென்சில் கொடுத்தார். இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் நான் சொல்ல மற்றவர்கள் எழுதியவை. அவற்றிலிருந்த புத்திமதியில் பாதி அவர்களுடையது. இது முழுவதும் என்னுடையது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். எனக்கு வரும் சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். குண்டு விழுந்து குருநகர் வீட்டுக்குக் கூரை இல்லை. புகையிலை உலர்த்துகிற கொட்டிலில் இருக்கிறோம், தும்மிக்கொண்டே செபமாலை சொல்கிறோம். உன் மனைவி றோஸுக்கும் மகள் ஸ்ரெல்லாவுக்கும் கனடாவின் குளிர் ஒன்றும் செய்யாமலிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஸ்ரெல்லா பள்ளிக்கூடத்தில் லத்தீனும் ஸ்பானிஷும் படிக்கிறாள் என்றும், லத்தீனை ஒருவரும் பேசுவதில்லை, ஆகவே வருகிற தவணையோடு அதை நிறுத்தப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். வேண்டுமானால் ஸ்பானிஷை நிறுத்து. மேசைக்கு அந்தப் பாஷையிலும் மேசைதானாம், அதை வீட்டிலேயே படிக்கலாம். லத்தீனை நிறுத்தாதே. ஒருவரும் பேசுவதில்லை என்கிறாய். குருநகரில் செத்தவர்கள் எல்லோரோடும் நான் அதில்தான் பேசியிருக்கிறேன். விளங்கவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. காரணம் உன் கிறகோரி மாமா. அவன் வெளியே வருவது ஸ்ரெல்லாவின் கையில் இருக்கிறது. பயப்படாமல் மிச்சத்தையும் படி.

பன்னிரண்டு வயதிலிருந்து நான் அடக்கப் பூசைக்கு லத்தீனில் பாடியது உனக்குத் தெரியும். எழுத்தறியாமல் காதால் பிடித்த பாட்டு. பூசை தமிழாகிய பிறகும் பழைய சனங்கள் அதை விடவில்லை. சுவாமியார் தமிழில் முடித்துக்கொண்டு போனதும், குழி மூடுவதற்கு முன் "சிமியோன், ஒருக்கால் பழையதையும் பாடிவிடும்" என்பார்கள். நான் ஒரு வரி பாட, கிறகோரி மறுவரி பாடுவான். என் தகப்பனின் அடக்கத்தில் அவன் என் வரியையும் தானே பாடிவிட்டான். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை, பாடுவது மட்டும்தான். இந்த மூன்று வருடமாகக் கிழமைக்கு ஒரு அடக்கமாவது வருகிறது, ஆகவே அடிக்கடி சந்திக்கிறோம்.

எழுத்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பாட்டை ஒரு அப்பியாசக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததுதான். நாற்பத்தொரு வரி. ஒரு மாதம் பிடித்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு அடக்கத்துக்குப் போகும் வழியில் மறித்துச் சோதித்தார்கள். யார் என்று எழுதமாட்டேன். கொப்பியைத் திறந்தவருக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"இது என்ன பாஷை, அப்பு?"

"லத்தீன், தம்பி."

"ஆருக்கு எழுதினது?"

"செத்த ஆக்களுக்கு."

"அவை வாசிப்பினமோ?"

"இல்லைத் தம்பி, நான்தான் பாடுறனான்."

நான் சொன்னதெல்லாம் உண்மை, ஒன்றும் உதவவில்லை. ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார், மரியாதையானவர். செபம் என்றால் பாடுங்கள், கொப்பியோடு ஒத்துப் பார்க்கிறேன் என்றார். முதல் வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கினேன். அடுத்த அறையிலிருந்து மறுவரி வந்தது. கிறகோரி! போகக் கூடாத கரையில் நின்றான் என்று காலையில் பிடித்திருந்தார்களாம், பின்னேரம் விட இருந்தார்களாம். எங்கள் கோயிலில் வளர்ந்தவன் முதல் வரி காதில் விழுந்தால் மறுவரியை விழுங்கமாட்டான். அது அவனுடைய பிழையல்ல, எங்கள் பழக்கம். கண்ணாடிக்காரர் பேனையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் இஞ்சை சொல்லுறியள், அவர் அங்கையிருந்து பதில் குடுக்கிறார். இதுவோ செபம்?"

"ஓம் தம்பி."

"அவரோடை கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?"

"எழுபத்தொண்டிலை."

"சரி, உதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது, தம்பி."

"எவ்வளவு காலமாப் பாடுறியள்?"

"ஐம்பத்தொன்பது வருசம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது, மகனே. இத்தனை பேரைக் குழிக்குள் இறக்கும்போது அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது.

குருமடத்துச் சுவாமிமாரிடம் கேட்டு எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் ஆட்கள் எழுதினால் ஏற்கமாட்டோம், வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து முத்திரையோடு அர்த்தம் வரவேண்டும் என்றார். நான் ஸ்ரெல்லாவைச் சொன்னேன். எழுதத் தெரிந்தவன் போய் எழுதி எடுப்பிக்கட்டும் என்று என்னை விட்டார்கள். கிறகோரிக்கு எழுதத் தெரியாது, ஆகவே அவன் பிணை. இது நடந்து இன்றைக்குப் பதினோராம் நாள். அவன் மனைவி லூர்த்தம்மா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பாசலோடு அந்த வீட்டு வாசலுக்குப் போகிறாள், பாசலோடு திரும்பி வருகிறாள். நேற்று நேரே கொட்டிலுக்கு வந்துவிட்டாள்.

"சிமியோன் அண்ணை, உங்கடை பாட்டாலை என்ரை மனிசன் உள்ளுக்குக் கிடக்கிறார். இனி அவரையும் பாடித்தான் எடுக்கப்போறியளோ?"

"எழுதி எடுக்கிறன், பிள்ளை."

"நீங்கள் எழுதப் பழகாமலே இருந்திருக்கலாம்."

அது சரி. ஆனாலும் எழுதும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகவே மகனே, நாற்பத்தொரு வரியையும் மறுபடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ வாசித்துக் காட்டு, ஸ்ரெல்லா அர்த்தம் எழுதட்டும். அவளுடைய லத்தீன் ரீச்சர் கையெழுத்து வைக்கட்டும். முத்திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. போகிற வழியில் கடிதத்தைத் திறப்பார்கள் என்பதால் பெர்னடெட் சிஸ்டர் வெள்ளிக்கிழமை கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கே தபாலில் சேர்ப்பார்.

உனக்கும் றோஸுக்கும் நெற்றியில் சிலுவை போடுகிறேன். ஸ்ரெல்லாவுக்கு இரண்டு தரம், பாடத்துக்கு ஒன்றாக.

உன் அப்பா,
சிமியோன்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து.)

பின்குறிப்பு: சிஸ்டர் வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் கிறகோரி வந்துவிட்டான். மெலிந்து கறுத்துப்போனான், ஆனால் நடந்தே வந்தான். கண்ணாடிக்காரர் ஸ்ரெல்லாவுக்காகக் காத்திருக்காமல் அவனிடமே அர்த்தம் கேட்டிருக்கிறார். இவன் தெரியாது என்று சொல்லவில்லை. எங்கள் கரையிலிருந்து கடலுக்குப் போய் வராதவர்களை வரிக்கு ஒருவராக, ஆள், வள்ளம், வருடம், அன்று வீசிய காற்று என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். அவர் மூன்று நாள் எழுதினாராம். முடிந்த பிறகு, "அப்பு, இன்னொரு வரி போடலாமோ? என்ரை அண்ணை ஒராள்" என்று கேட்டு, தானே எழுதிவிட்டு, இவனைப் போகச் சொன்னாராம்.

ஆகவே மகனே, தயவுசெய்து அர்த்தம் அனுப்பாதே. உண்மையான அர்த்தம் முத்திரையோடு வந்தால் இரண்டு பேரும் உள்ளே போவோம். ஸ்ரெல்லா லத்தீனை உடனே நிறுத்தட்டும், ஸ்பானிஷ் போதும்.

இன்னொன்று. நான் விரல் மடித்துப் பார்த்தேன், எங்கள் கரையில் அப்படிப் போனவர்கள் நாற்பது பேர்தான். நாற்பத்தோராவது வரி ஆர் என்று அவனிடம் கேட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நான் அவனோடு கதைத்த முதல் கதை அது.

"மூண்டாம் வரி நீர்தான். எழுபத்தொண்டிலை சோளகக் காத்திலை கடலுக்குள்ளை தாண்டுபோனீர்."

ஆகவே அந்த வீட்டுக் கொப்பியில் நான் செத்து இருபத்திரண்டு வருடம். அடுத்த கிழமையும் எழுதுவேன். யாரும் கேட்டால் நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.