ராணிக்கு ஒரு சைஸ் பெரிய கடிவாளம்

எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம். என் மகன் மூன்றாம் வகுப்பை ஷூவுக்குள் பஞ்சு திணித்துக்கொண்டே முடித்தான். நாத்தனார் சுமதியின் பையனுக்குத் தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த சட்டையை அவன் நைட்டியாகப் போட்டுக்கொண்டு தூங்கியதாகக் கேள்வி. (வளர்ற பிள்ளை, இருக்கட்டுமே!) அதெல்லாம் குடும்பத்தோடு போயிற்று. குதிரை விஷயத்தில்தான் மானம் கப்பலேறியது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே முதுகு போன பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், ஆனேக்கல் பக்கம் ஒரு லாயத்தில் குதிரையேற்றம் கற்கச் சேர்ந்தேன். என் கணவர் ரவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "கீழ விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா யார் பாக்கறது?" என்று வாராவாரம் ஒரே பாட்டு. கடைசியில் ஓர் ஒப்பந்தம். லாயத்தின் ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் விழாமல் ஓட்டிக் காட்டினால் அவர் அப்புறம் வாயைத் திறக்க மாட்டார். சொதப்பினால் நான் குதிரையை மறந்துவிட வேண்டும். எனக்கோ வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மூச்சே வரும்.

எனக்கு வாய்த்த ராணி பன்னிரண்டு வயதுப் பெண் குதிரை, பரம சாது. ஒரே குறை, ஓடும்போது தலையை உதறிக்கொண்டே இருப்பாள். கற்றுக்கொடுக்கும் ஸ்டெல்லா மிஸ் காரணத்தைக் காட்டினார். பழைய கடிவாளத்தின் ஒல்லி வார் அழுத்தி, காதுக்குப் பின்னால் தோல் தடித்திருந்தது.

"பாவம்மா அது. அகலமா, பேடிங் வெச்சது வாங்கணும். காதுகிட்ட வளைச்சு வெட்டியிருக்கணும். மூக்கு மேல வர்ற வாருக்குள்ள ரெண்டு விரல் போகணும், அஷ்டே, அவ்ளோதான்."

"நான் வாங்கிட்டு வர்றேன் மிஸ்!" என்றேன். (யார் கேட்டார்கள்?)

ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பால் ராணியின் ஒரு வாயோரத்திலிருந்து காதுக்குப் பின்னால் சுற்றி மறு வாயோரம் வரை அளந்தேன். கடைக்காரர் அளவைப் பார்த்து மீடியத்தை எடுத்து வைத்தார். என் கை தானாக லார்ஜுக்குப் போயிற்று.

"குதிரைக்கு எவ்ளோ வயசு மேடம்?"

"பன்னெண்டு."

"அது இனிமே வளராது மேடம்."

"டைட்டா இருந்தா பாவம்ங்க. கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்."

விழா அன்று ஸ்டெல்லா மிஸ் மைக்செட்காரரோடு சண்டையில் இருந்தார். நானே மாட்டினேன். எல்லா வாரையும் கடைசி ஓட்டை வரை இழுத்தும் தொளதொளவென்று தொங்கியது. மூக்கு வாருக்குள் நான்கு விரல் போயிற்று. இரண்டு விரல் போனால் சௌகரியம் என்றால் நான்கு விரல் போனால் இரட்டிப்புச் சௌகரியம்தானே! (இந்த மூளைக்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.)

"விரல் போகுதாம்மா?" என்று மிஸ் தூரத்திலிருந்து கத்தினார்.

"தாராளமா போகுது மிஸ்!"

ராணி தலையை உதறவே இல்லை. நடந்தாள், ஓடினாள், திரும்பினாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ரவியும், ஓசூரிலிருந்து அல்வா கிண்டப் பை நிறையக் கேரட்டோடு வந்திருந்த சுமதியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நின்று ஒரு வணக்கம் வைக்க வேண்டும், முடிந்தது. நிறுத்தினேன்.

ராணிக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து வேலிக் கம்பத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். என் கையில் வார் இருந்தது. வாரின் நுனியில் கடிவாளம் இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய தலையைத்தான் காணோம்.

அவளுக்குக் கேரட் வாசனை எட்டிவிட்டது. ஓட ஆரம்பித்தாள். "ஐயோ, நில்லுடி! நில்லுடி!" என்று நான் அவள் பிடரியைக் கட்டிக்கொண்டு அலற, கூட்டம் கைதட்டியது. (நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.) நேராகப் போய் வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சுமதியின் பைக்குள் விட்டாள். சுமதி என் கையில் தொங்கியதை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணி, இதையும் ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டீங்களா?"

ரவி சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சரி, தோத்துட்டேன். இனிமே வரல, போதுமா?" என்றேன்.

"யாரு சொன்னா நீ தோத்துட்டேன்னு?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "விழக்கூடாதுன்னுதானே சொன்னேன்? கடிவாளமே இல்லாம ஓடுச்சு, நீ விழலையே! இனிமே நான் வாயத் திறக்கல, தாயே."

அடுத்த வாரம் சுமதி கூடவே வந்து மீடியம் வாங்கவைத்தாள். அதை மாட்டியும் ராணி தலையை உதறவில்லை. ரவியும் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்தவர், காலருக்குள் நான்கு விரலை விட்டுக் காட்டினார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்து கதவு நிலையில் மூக்கைத் தேய்த்தார்.