களியைக் கண்டு வாயடைத்த கேமரா

அன்புள்ள செல்லமுத்து மாமாவுக்கு,

மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து உங்கள் அக்கா மகள் கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்களும் மிளகும் நலம். ஆட்டுக்கு மட்டும் வயிறு சரியில்லை. காரணம் கீழே வருகிறது.

"ரெண்டாவது பிலிம் ரோல் நல்லா வந்தா கேமரா உனக்கே கண்ணு. இல்லீன்னா ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்குவேன்" என்று சேந்தமங்கலம் ஸ்டுடியோவிலிருந்து போனில் சொன்னீர்கள். நீங்கள் வர வேண்டியிருக்காது, மாமா. முதல் ரோல் ஏன் கெட்டது என்று படித்துக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. உள்ளே, பிலிமை மூடியிருக்கும் ஷட்டர் திரையில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது. லென்ஸ் அதன்மேல் கொட்டும் வெளிச்சத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. வட்டம் மாறாது, லென்ஸ்தான் மாறும். அகல லென்ஸ் மலையையே உள்ளே வாரிக்கொண்டு வந்ததால் வட்டத்தில் பனிமூட்ட வானமும் விழுந்தது. வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நம்பிவிட்டது, பெருமாயி அத்தை வெறும் நிழலாகிவிட்டார். நீள லென்ஸ் எட்ட இருப்பதில் கொஞ்ச இடத்தை மட்டும் எடுத்ததால் வட்டம் முழுக்கக் காயப்போட்ட மிளகு. ஒரே இருட்டு என்று மீட்டர் நம்பிவிட்டது, மிளகு சாம்பலாக வெளுத்துப்போனது. பாவம், அந்த மீட்டருக்கு உலகமே கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்தாக வேண்டும்.

நம் வீட்டில் அப்படி இருப்பது ராகிக் களி ஒன்றுதான். அத்தை கையில் ஓர் உருண்டையைக் கொடுத்து முகத்தருகே பிடிக்கச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, என்ற மூஞ்சியப் புடிக்கறயா, களியப் புடிக்கறயா?"

"களிய அளந்துட்டு உங்களப் புடிக்கறனுங்க அத்தை. அசையாம நில்லுங்க."

அத்தை அசையவில்லை. பின்னாலிருந்து ஆடு வந்து ஒரே வாயில் முடித்துவிட்டது. அடுத்த உருண்டையும் அதற்கே போனது. அதற்கடுத்ததை, நின்று நின்று பசித்துப்போய் அத்தையே தின்றுவிட்டார். அதற்கும் அடுத்ததில்தான் வென்றேன்! முதல் ரோலில் வெளிச்சம் அதிகம், குறைவு என்று ஓயாமல் எரிந்த சிவப்பு அம்புகளும், சரி என்று சொல்லும் நடுப்புள்ளியும், களியைக் கண்டதும் எதுவுமே எரியவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் கேமரா வாயடைத்துவிட்டது. அப்புறம் வெயிலிலும் சரி, பலாமரத்தடியிலும் சரி, எந்த லென்ஸை மாட்டினாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்களைத் திருப்ப வேண்டியே வரவில்லை. ரோலை இத்துடன் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ஸ்டுடியோவில் வெளிச்சம் என்றும் குறையாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
கேமராவின் புதிய சொந்தக்காரி,
கோகிலவாணி

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "டார்ச்சுல பேட்டரி தீந்தாலும் இப்புடித்தாங் கண்ணு, ஒரு கொறையும் சொல்லாது" என்றார். என் கால்குலேட்டரின் பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு அம்புகள் மறுபடி எரிகின்றன. ரோலைக் கழுவ வேண்டாம், மாமா. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். வரும்போது இன்னொரு ரோல் கொண்டு வாருங்கள். களி கிண்டி வைக்கிறேன். ஆட்டைக் கட்டிப்போட்டுவிடுகிறேன்.