டிராக்டருக்கு நாலு கண்ணு

உக்காருங்க லா, உக்காருங்க. அக்கா, அந்தப் பைய மடியில வைங்க, அண்ணனுக்கு எடம் கெடைக்கும். யாரும் பேசாதீங்க. நான் ஒரு கதை சொல்லப் போறேன். நடுவுல ஒரு ஆளு வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா எனக்கு ரூட்டு மாறிப் போயிரும், அப்புறம் திரும்ப மொதல்லேருந்து கேக்கணும்.

இந்தக் கண்ணு கிளினிக்குக்கு காலைல ஏழு மணிக்கு வந்தோம். இப்ப பத்தரை. என் நம்பர் எழுபத்து மூணு. எப்ப வருமோ. இங்க ஆளு பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. 'டிங்'னு ஒரு சத்தம், எதிர்ல போர்டுல நம்பர், அவ்ளோதான். டிவியில யாரோ மீன் பொரிக்கிறாங்க, அதுக்கும் சத்தம் இல்ல. நம்ம பேசினாத்தான் நேரம் போகும். நம்மன்னா, நானு.

மூலையில அந்த அங்கிளப் பாருங்க. ஒரு கண்ணுல கட்டு. வந்ததிலேருந்து இருமக்கூட இல்ல. அவருதான் மனுஷன். அவரப் பார்த்து எல்லாரும் கத்துக்குங்க.

என் பேரு லட்சுமணன். பந்திங் பக்கம். செம்பனைக் குலை ஏத்துற டிராக்டர் ஓட்டுறேன், இருவத்தாறு வருஷமா. டிராக்டர் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சொந்தம். அதாவது, ஓட்டுறது நானு, சொந்தம் அவளுக்கு. பேரு பஞ்சவர்ணம். அதிகம் பேச மாட்டா. 'ம்'னுவா. அந்த 'ம்'முல எத்தன ரகம் இருக்கு தெரியுமா? சோறு போடவான்னு கேட்டா சின்ன 'ம்'. என் தங்கச்சி வர்றான்னு சொன்னா மூக்கால ஒரு 'ம்'. நான் ஏதாச்சும் புதுசா பிளான் சொன்னா மட்டும், 'ம்ம்ம்ம்'. லோரி மேடு ஏறுற மாதிரி.

இப்ப கீழ கேண்டீனுக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிருக்கா. போகும்போது என்ன சொன்னா தெரியுமா? "போர்டப் பார்த்துக்கிட்டே இருங்க. இன்னிக்கி உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை."

பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்.

ஆங், கதை. இந்த வருஷம் ஆரம்பத்துல பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணனோட தபால் பெட்டிய டிரைலரால இடிச்சுட்டேன். கோஸ்தான் எடுக்கும்போது, அதான் ரிவர்ஸ். டிராக்டர் கோஸ்தான் எடுக்கறதே பாவம், பின்னால ரெண்டு சக்கர டிரைலர் வேற. ஸ்டீயரிங் இந்தப் பக்கம் ஒடிச்சா அது அந்தப் பக்கம் போகும். கல்யாணம் ஆனவங்களுக்குப் புரியும்.

தபால் பெட்டியோட நின்னிருந்தா பரவால்ல. அடுத்த மாசம் அவன் துணி காயப் போட்ட கம்பி மாட்டிக்கிச்சு. எனக்குத் தெரியல. அவன் கைலி நாலு, அவன் வீட்டுக்காரி சந்திரகலாவோட நைட்டி ஒண்ணு, எல்லாம் டிரைலர் பின்னால பறக்கப் பறக்க, குலை நிறுக்குற எடம் வரைக்கும் போயிட்டேன். அங்க இருந்த மலாய்க்கார பையன் ஒழுங்கா எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சான். "அங்கிள், ஹரி மெர்டேக்கா இன்னிக்கா?" சுதந்திர தினத்தச் சொல்றான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். பஞ்சவர்ணம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா.

"என்னங்க."

"என்ன."

"கண்ணக் காட்டணும்."

"யாரு கண்ண?"

"உங்க கண்ண."

"என் கண்ணுக்கு என்ன லா? காக்கா கண்ணு."

"காக்கா நைட்டிய இழுத்துக்கிட்டுப் போவாது."

"கழுத்து திரும்பல பஞ்சு. அவ்ளோதான். இருவத்தாறு வருஷமா திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்து. அந்த டிராக்டர்ல பின்பக்கம் தெரியல, சைடும் தெரியல. தப்பு டிராக்டர் மேல."

"அப்ப டிராக்டரக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவ கிண்டலா சொன்னா. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். ஏன் கூடாது? காருக்கு எல்லாம் பின்னால கேமரா இருக்கு. டிராக்டருக்கு வச்சா என்ன? எனக்குக் கண்ணாடி போட்டு ஆபீஸ் கிராணி மாதிரி உக்காந்து டிராக்டர் ஓட்ட வேணாம். இத்தன வருஷம் வெயில்ல கறுத்த மூஞ்சி, அதுல கண்ணாடியா? ஊருல சிரிப்பாங்க. டிராக்டருக்கே கண்ணு வச்சிரலாம்.

ஞாயித்துக்கெழம கிள்ளான்ல ஒரு ஆக்சஸரி கடைக்குப் போனேன். சாதிக்னு ஒரு பையன், ராமநாதபுரம் பக்கத்துலேருந்து வந்து வேல செய்றான். மரியாதையான பையன்.

"வாங்கண்ணே. காருக்கா, லாரிக்கா?"

"டிராக்டருக்கு."

என்ன மேலயும் கீழயும் பார்த்தான். "டிராக்டருக்கு கேமரா கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே."

"இருக்கறதுலயே மலிவா காட்டு."

"மலிவா இருக்குண்ணே. ஆனா ஸ்க்ரீன் சின்னது. உள்ளங்கை அகலந்தான் வரும். நம்ம வயசுக்கு, அதாவது, உங்க வயசுக்குப் பெருசு எடுத்துக்கிட்டா..."

"உள்ளங்கை போதும் லா."

"சரிண்ணே. அந்தக் கேமரா வயர்ல ஒரு பச்ச வளையம் இருக்கும். அத வெட்டினா படத்துல எடது வலதாயிரும். தெரியாம வெட்டிராதீங்க."

"நான் எதுக்கு வெட்டப் போறேன்?"

வீட்டுக்கு வந்ததும் வெட்டிட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

டிங்னு அடிக்குது பாருங்க, மனுஷன பேச விட மாட்டேங்குது.

நாலு கேமரா மாட்ட ரெண்டு ஞாயிறு போச்சு. டிரைலர் பின்னால ஒண்ணு. ரெண்டு சக்கர மட்கார்ட்ல ஒண்ணொண்ணு. பானெட்டு நீளமா இருக்குதுல்ல, முன்னால பள்ளம் தெரியாது, அதனால மூக்குல ஒண்ணு. மழ படக்கூடாதுன்னு பழைய டயர் டியூப வெட்டி ஒவ்வொரு கேமராவுக்கும் தொப்பி போட்டேன். வயர எல்லாம் தண்ணி ஹோஸுக்குள்ள விட்டு இழுத்தேன். ஸ்டீயரிங் பக்கத்துல ரெண்டு டிவி, அந்த உள்ளங்கை ஸ்க்ரீன்தான். கட்டறதுக்கு கேபிள் டை நூறு போச்சு. முடிச்சு நிமிந்தா இடுப்பு நிமிரல. அப்படியே குனிஞ்சாப்புல போய் அவளக் கூட்டிட்டு வந்தேன்.

"எப்படி?"

"ம்ம்ம்ம்."

லோரி மேடு ஏறிருச்சு.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், யாருக்கும் சொல்லக் கூடாது. அவ வந்தா அவகிட்டயும் சொல்லக் கூடாது. அந்த டிவியில எனக்கு ஒரு மண்ணும் தெரியல. கேமரன் மலையில காலைல பனி எறங்கும்ல, அந்த மாதிரி. சட்டையால தொடச்சேன். எச்சி தொட்டுத் தொடச்சேன். சோப்பு போட்டும் தொடச்சேன். பனி போகல. சரி, மலிவு சாமான், இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். பழைய மாதிரி மனக்கணக்குல ஓட்டினேன். ஆனா வெளிய விடுவேனா? டிரைலர் மாட்டுற எடத்துல, கோப்பிக் கடையில, கோயில்ல, "டிவியில எறும்பு போறது தெரியுது லா"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பஞ்சு பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. ஒருநா சோறு போடும்போது கேட்டா.

"அந்த டிவிய ஏன் ஒரு நாளைக்கு இருவது தரம் தொடைக்கிறீங்க?"

"தூசு."

"எனக்குத் தெளிவாத்தான தெரியுது."

"நீ எப்பப் பார்த்த?"

"நேத்து. நீங்க தூங்கும்போது ஏறிப் பார்த்தேன்."

"அது நிக்குற டிராக்டர். ஓடும்போது தூசு."

"ம்."

இது எந்த ரகம்னு அன்னிக்கி எனக்குப் புரியல.

ஆயுத பூஜ வந்துச்சு. எங்க கம்பத்துல, அதான் எங்க ஊருல, என் டிராக்டருக்குத்தான் மொத பூஜ. ராதாகிருஷ்ணன், சந்திரகலா, இன்னும் பத்து இருவது பேரு வந்துட்டாங்க. நான் வேற ஊரு பூரா சொல்லி வச்சிருந்தேன்ல: அன்னிக்கி கழுத்தத் திருப்பாம, டிவிய மட்டும் பார்த்து, ராதாகிருஷ்ணன் வீட்டு கேட்டு வழியா டிரைலரோட கோஸ்தான் போயிக் காட்டுறேன்னு. பஞ்சுகிட்டயும் சொன்னேன். "இடிச்சா, சாவி உனக்கு. இடிக்கலன்னா, கண்ணு டாக்டர் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

"சரி."

அவ்ளோ சீக்கிரம் சரின்னு சொன்னப்பவே நான் உஷாராயிருக்கணும்.

டிராக்டரக் கழுவி, வாழக் கண்ணு கட்டி, மாலை போட்டாச்சு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. நான் குளிச்சு, பட்டை போட்டு, ராஜா மாதிரி சீட்டுல ஏறி உக்காந்தேன். அவ தட்டுல சந்தனம் குங்குமத்தோட வந்தா.

"எதுக்கெல்லாம் பொட்டு வைக்கணும்?"

"என்ன கேள்வி பஞ்சு? புது சாமான் வாங்கியிருக்கோம். எல்லாத்துக்கும் வை. ஒண்ணு விடாத."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். சாமி விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது."

கேட்டுக்கிட்டீங்களா? என் வாயாலயே சொன்னேன். சுத்திச் சுத்தி வந்து வச்சா. நானும் கைய எடுத்து கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். சூடம் காட்டியாச்சு. இஞ்சின ஸ்டார்ட் பண்ணேன். பின்னால டிரைலர்கிட்டேருந்து அவ குரல் வருது.

"என்னங்க, டிவி தெரியுதா?"

"ஜம்முனு தெரியுது."

"நான் தெரியுறேனா?"

"நீதான் நடுவுல நிக்குற. மூக்குத்திகூட மின்னுது."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உச்சி குளுந்துச்சு.

"என்ன சேலை?"

"பச்ச சேலை." காலைல பார்த்தேன்ல.

"கையில என்ன வச்சிருக்கேன்?"

இதுதான் யோசிக்க வச்சிச்சு. பூஜ. அடுத்தது என்ன? திருஷ்டி பூசணிக்கா. "பூசணிக்கா லா. நல்லா பெருசு. பார்த்துத் தூக்கு, இடுப்புப் பிடிச்சுக்கும்."

இப்ப யாரும் சிரிக்கல. நான் கீழ பார்த்தா, பூசணிக்கா ராதாகிருஷ்ணன் கையில இருக்கு. என் பக்கத்துலயே நிக்குறான். பாவம் போல மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்குறான். தபால் பெட்டி போனப்பகூட அவன் அப்படி மூஞ்சி வைக்கல.

பஞ்சு மெதுவா நடந்து வந்தா. கையில வெறும் சந்தனக் கிண்ணம். சீட்டுக்குப் பக்கத்துல நின்னா.

"நாலு கேமராவுக்கும் கண்ணு நெறைய சந்தனம் அப்பி, மேல குங்குமம் வச்சிருக்கேன். ஒரு கோடுகூடத் தெரியாது. நீங்க எதுல என்னப் பார்த்தீங்க?"

ஏன் பொட்டு வச்சன்னு அவளக் கேக்க முடியுமா? சாமி குத்தம். வைக்கச் சொன்னதும் நான். ஊரே நின்னு பார்க்குது. "மனசுல பார்த்தேன்"னு சொன்னேன். சந்திரகலா மட்டும் "அச்சோ"ன்னு சொன்னா.

கைய நீட்டினா. இஞ்சின அணைச்சு சாவியக் குடுத்தேன்.

இது நடந்து ரெண்டு மாசம். ரெண்டு மாசமா டிராக்டர யாரு ஓட்டுறா தெரியுமா? அவதான். லைசன்ஸ் முன்னாலயே எடுத்து வச்சிருக்கா, எனக்கே தெரியாது. கேமராவத் தொடச்சு, நான் வெட்டின பச்ச வளையத்த சாதிக்குக்கு போன் போட்டுக் கேட்டு ஒட்டவச்சு, சிட்டா பறக்குறா. சாயந்திரம் வந்து என்கிட்டயே சொல்றா, "நல்ல சாமாந்தாங்க வாங்கியிருக்கீங்க. பின்னால ராதாகிருஷ்ணன் கோழி மேயுறது, எத்தன குஞ்சுன்னு எண்ணிரலாம்."

எப்படி நொந்து போயிருப்பேன், சொல்லுங்க. நானு வீட்ல வெங்காயம் உரிக்கிறேன். தொவைக்கிறேன். துணி காயப் போடுறேன். கம்பிகிட்ட நின்னு அவ டிரைலர் கோஸ்தான் வரும்போது, ஒரு வாட்டியாவது இடிக்கட்டுமேன்னு வேண்டிக்கிறேன். இடிக்க மாட்டேங்குது. ஒடம்பு அசதி இல்ல அண்ணே, மனசு அசதி. அந்த சீட்டு என் குண்டி அளவுக்குக் குழிஞ்சிருக்கு. அவ தலகாணி போட்டு உக்காருறா.

அதனாலதான் வந்தேன். "டாக்டர் லெட்டர் கொண்டாங்க, சாவியக் கொண்டு போங்க"ன்னுட்டா. இன்னிக்கி விட்டா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சு. நாலு மாசம் வெங்காயம் உரிக்க என்னால முடியாது சாமி. கண்ணாடியோ கிண்ணாடியோ, எத குடுத்தாலும் போட்டுக்கறேன். ரெண்டு குடுத்தாலும் போட்டுக்கறேன். சீட்டு வேணும் எனக்கு.

ஆங், அதோ கதவுகிட்ட தேத்தண்ணியோட வர்றா. கதை முடிஞ்சுச்சு. இப்ப வாயத் தொறக்கலாம், எல்லாரும் பேசலாம். என்ன லா இப்படி மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கறீங்க? நான் என்ன சொன்னேன்? அங்கிள், நீங்களாச்சும் சொல்லுங்க, எழுபத்து மூணு வர இன்னும் எவ்ளோ நேரமாகும்?

கட்டுப் போட்ட அங்கிள் மெதுவா தலைய நிமித்தினாரு. "தம்பி, சட்டையால டிவியத் தொடச்சேன்னு சொன்னீங்க பாருங்க, கதையில அந்த எடத்துலயே போர்டுல எழுபத்து மூணு வந்து போயிருச்சு. எனக்கு ஒத்தக் கண்ணுலயே தெரிஞ்சுச்சு, நீங்கதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க."